பணியாளர் அருகில் இருக்கிறார்

உரிமத்துக்கு இன்னும் நாற்பது சொச்சம் மணி நேரம் பாக்கி இருந்தபோது சந்தனமாரிக்கு ஒரு துட்டி வீடு வந்து விழுந்தது.

அவளிடம் முதலில் சொன்னவன் டார்வின். மாலைக் கல்லூரியில் அவளுக்குப் பக்கத்து இருக்கை. பகலில் துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்களின் பூட்டைச் சரிபார்க்கிறவன். அந்த வார ஒதுக்கீடு எல்லார் கைபேசிக்கும் ஒன்றாகத்தான் வரும். தனக்கு என்ன வந்திருக்கிறது என்று பார்க்கும் முன் அடுத்தவர் திரையை எட்டிப் பார்ப்பது அவன் குணம்.

"ஏட்டி மாரி, ஒனக்கு உப்புத்துறை குடியிருப்பு. புருசன் செத்து ஒரு வாரங்கூட ஆவல."

"நீ போறியா? மாத்திக்கிடலாம்லா?"

"துட்டி வீடுன்னா நான் வயித்துவலின்னு எழுதிப் போட்டுருவேன். ஆணையத்துல எனக்குக் குடலே இல்லன்னு முடிவு பண்ணிருப்பானுவ." அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "ஆனா நீ போ. துக்க வீட்டு மணிக்கு இரட்டக் கணக்கு. இந்த மாசத்துக்குள்ள முடிக்கலன்னா ஒனக்கு எல்லாம் போயிரும்லா."

அது உண்மை. மாநில நலப்பணி உரிம ஆணையத்தின் சட்டப்படி, எழுத்துத் தேர்வில் தேறியவர் மேற்பார்வையில் மூவாயிரம் மணி நேரம் வீடுகளில் அமர்ந்து பணி பழக வேண்டும். அதையும் மூன்று வருடத்துக்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் அதுவரை சேர்த்த மணி அத்தனையும் காலாவதி. உரிமம் இல்லாத ஒருவர் அடுத்த வீட்டுத் துயரத்தில் தலையிட்டால் அபராதம், இரண்டாம் முறை சிறை. யார் யாரோ ஆலோசனை சொல்லி யார் யாருடைய குடும்பமோ சிதைந்த காலம் ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு வந்த சட்டம் இது. நல்ல சட்டம் என்றுதான் மாரி நம்பினாள். அந்தச் சட்டத்தின் உள்ளே போய்விட வேண்டும் என்பதற்காகவே பகலெல்லாம் பார்சல் கிடங்கில் முகவரி ஒட்டிவிட்டு மாலையில் இந்த வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள்.

மற்றவர்களுக்கு இந்த வேலை இயல்பாக வருகிறது, தனக்கு மட்டும் மனப்பாடம் செய்தால்தான் வருகிறது என்று அவளுக்கு ஒரு எண்ணம். ஒவ்வொரு வீட்டுக்கும் போகும்போது பேருந்தில் கேள்விகளை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பாள். இறங்கும் நிறுத்தம் வருவதற்குள் மூன்று முறை முடித்திருப்பாள். இறங்கிய பிறகு கைப்பையைத் திறந்து, அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்து, மூடி, மறுபடி திறப்பாள்.

கடல் உள்ளே ஏறி உப்பளங்களை எடுத்துக்கொண்ட பிறகு அந்தத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய அடுக்கு வீடுகள்தான் உப்புத்துறை குடியிருப்பு. பாதி வீடுகளில் இப்போது ஆளில்லை. இரண்டாவது மாடியில் செருப்புகள் இல்லாத ஒரு வாசல். உள்ளே சுவரோரமாக அருணாசலவடிவு உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இடது பாதத்தில் துணிக்கட்டு. சுவரில் அவள் கணவர் ஆவுடையப்பனின் படம்; மாலை காய்ந்திருந்தது. படத்துக்கு அடுத்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. ஆணையத்தின் பதிவில் அதற்கு இல்லச்செவி என்று பெயர். ஊரில் காதுப்பெட்டி.

மாரி விதிப்படி பெட்டிக்குக் கேட்கும்படி தன் பெயரைச் சொல்லி, வந்திருப்பதையும் சொன்னாள். பெட்டியில் பச்சைப் புள்ளி எரிந்தது. அமர்வு தொடங்கிவிட்டது.

"இரு பிள்ள. பாயில இரு. சொந்தக்காரவுக எல்லாம் இன்னைக்குக் காலையிலதான் போனாவ. காப்பி குடுக்கப்படாது, தப்பா நெனைக்காத."

"இல்லக்கா, நான் அதுக்கு வரல."

"தெரியும். எதுக்கு வந்திருக்கன்னும் தெரியும். கேக்க வேண்டியத கேளு."

மனப்பாடம் செய்த கேள்விகளில் மாரி மூன்றைத்தான் கேட்டாள். நான்காவதைக் கேட்கும் முன் வடிவு தானாகவே பேசத் தொடங்கிவிட்டாள். உப்பளத்தில் கண் கூசிக் கூசிக் கணவருக்குப் பார்வை மங்கியது, பிறகு இந்தக் குடியிருப்புக்கே காவலாளியாக இருந்தது, ஒருவரையும் அடையாளம் தெரியாத காவலாளி என்று எல்லாரும் கேலி செய்தது.

"அவிய உயிரோட இருக்கும்போது நான் இவ்வளவு நேரம் பேசுனா எந்திரிச்சுப் போயிருவாவ. இப்ப பாரு, படத்துல இருந்து எங்க போவாவ." சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு வேறொன்றாக மாறி, அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாடத்தில் இருந்தது, ஆனால் நினைவுக்கு வரவில்லை. தன் விரல்கள் நடுங்குவதை வடிவு பார்த்துவிட்டாள் என்பது மட்டும் தெரிந்தது.

அழுகை ஓய்ந்ததும் வடிவு பெட்டியைக் காட்டினாள். "இது என்னத்துக்கு? சர்க்கார்ல இருந்து வந்து மாட்டிட்டுப் போனாவ."

"நீங்க விழுந்துட்டாலோ, முனகுனாலோ, மூச்சு மாறுனாலோ இதுவே ஆம்புலன்ஸக் கூப்பிடும்க்கா. ஆளு வேணும்னு சத்தம் குடுத்தாலும் போதும்."

"இப்ப நான் கூப்பிட்டா?"

"இப்ப கூப்பிடாது. நான் இருக்கேம்லா. பணியாளர் இருக்க வீட்டுல பெட்டி முடிவெடுக்கக் கூடாதுன்னு சட்டம். முன்ன ஒரு வீட்டுல, பணியாளர் வேண்டாம் வேண்டாம்னு சொல்லியும் பெட்டி போலீசக் கூப்பிட்டுப் பெரிய ரசாபாசம் ஆயிட்டு. எங்க ஆளுக வேலைநிறுத்தம் பண்ணி இத வாங்குனாவ."

"அது சரிதான். மனுசன் இருக்கையில பெட்டிக்கு என்ன பேச்சு." வடிவு பாதத்தை மெல்ல நகர்த்தினாள். "சக்கர வியாதிப் புண்ணு. ஆறவே மாட்டேங்கு. எம்மவ பிரம்மசக்தி குவைத்துல ஆஸ்பத்திரி சலவையில இருக்கா. சாவுக்கு லீவு கிடைக்கல. இந்த வாரம் எப்படியும் வந்துருவேன்னு நிக்கா."

வெளியே வெயில் தாழ்ந்தபோது மாரி எழுந்தாள். அமர்வை முடிக்க ஒரு வாசகம் உண்டு. பணியாளர் பெட்டிக்குக் கேட்கும்படி, 'நான் போய்விட்டு வருகிறேன்' என்று சொல்ல வேண்டும். வீட்டார் 'சரி' என்று விடை கொடுக்க வேண்டும். பயனாளியின் சம்மதம் இல்லாமல் அமர்வு முடியாது என்பது ஆணையத்தின் பெருமைகளில் ஒன்று. வாசகம் சொல்லாமல் வந்துவிட்டால் அந்த அமர்வின் மணி கணக்கில் சேராது.

மாரி வாயைத் திறந்தாள். வடிவு அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்ல, கடிந்துகொள்ளாமல், ஒரு சிறு பிள்ளை நெருப்பைத் தொடப் போகும்போது பார்ப்பதுபோல் பார்த்து, தலையை அசைத்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

துட்டி கேட்க வந்த வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று யார் சொல்வார்கள். இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றல்லவா ஆகும். இரட்டைக் கணக்கு மணி, மூன்று வருடம், மாதக் கடைசி எல்லாம் ஒரு நொடி மாரியின் கண்முன் நின்றன. அவள் வாயை மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். அந்த அமர்வு போனால் போகட்டும் என்று நினைத்தாள். இந்த மூன்று வருடத்தில் தானாக யோசித்துச் செய்த முதல் சரியான காரியம் இதுதான் என்றும், பேருந்தில் ஏறிய பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு நினைத்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒதுக்கீடு வரவில்லை.

மற்றவர்களுக்கு வந்தது. டார்வினுக்கு ஒரு குடிகாரர் வீடு, அதை அடுத்து பள்ளிக்குப் போகாத இரட்டையர் வீடு. மாரியின் திரை காலியாகவே இருந்தது. அவளுக்குக் காரணம் புரிந்துவிட்டதாகத் தோன்றியது: வாசகம் சொல்லாமல் வந்தவள், கேள்விகளையும் முழுதாகக் கேட்காதவள்; தன்னை விலக்கிவிட்டு வடிவின் வீட்டை வேறு நல்ல ஆளிடம் கொடுத்திருப்பார்கள்.

"போய்க் கேளுட்டி," என்றான் டார்வின். "உரிம அதிகாரி ஞானையா சாரு நல்ல மனுசன். கடிக்க மாட்டாரு."

"என்னன்னு கேக்க? நான் சரியில்லன்னு எனக்கே தெரியும். அத அவரு வாயால வேற கேக்கணுமா?"

"நீ சரியில்லன்னு ஆரு சொன்னா? நீயா ஒரு தீர்ப்பு எழுதி நீயா தண்டனையும் அனுபவிக்க."

ஒரு மாலை அவள் வகுப்புக்குப் போகாமல் உப்புத்துறை நிறுத்தத்தில் இறங்கினாள். அழைப்பில்லாமல் பயிற்சிப் பணியாளர் ஒரு வீட்டுக்குப் போவது குற்றம். குடியிருப்பின் வாசல் வரை நடந்தாள். இரண்டாவது மாடியில் அந்த வீட்டின் கதவு சாத்தியிருந்தது. புதிதாக வந்த ஆள் உள்ளே இருப்பாரோ, தான் போய் நின்றால் அவருடைய அமர்வும் கெடுமோ என்று யோசித்தாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த பேருந்தைப் பிடித்தாள்.

மாதக் கடைசியில், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது, உரிமம் வந்தது.

திரையில் அவள் படம், கீழே எண், அதற்குக் கீழே ஆணையத்தின் முத்திரை. ஏதோ தவறு என்று அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். டார்வின் அதை நிமிர்த்திப் பார்த்து மேசையைத் தட்டினான். வகுப்பு முழுக்கக் கைதட்டியது. யாரோ ஓடிப்போய் மக்ரூன் வாங்கி வந்தார்கள். அது மாரியின் வாயில் கரைந்துகொண்டிருந்தபோது அவள் மனத்தில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது சொச்சம் குறைகிறது. அது எங்கிருந்து வந்தது?

மறுநாள் கிடங்குக்கு விடுப்பு சொல்லிவிட்டு அவள் ஞானையாவின் அறைக்குப் போனாள். தொண்டைக்கட்டுக்காக எப்போதும் ஒரு மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டிருக்கும் மனிதர்.

"மணி கொறையுதுன்னு சண்டைக்கு வந்தவங்களப் பார்த்திருக்கேன். கூட இருக்குன்னு வந்தவ நீதாம்மா." சிரித்துக்கொண்டே திரையைத் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு மெல்ல மாறி, அவர் முகத்தில் மரியாதை போல ஒன்று வந்தது. "இதுல தப்பு ஒண்ணும் இல்லியே. அருணாசலவடிவு வீடு. நீ அங்கயேல்லா இருந்திருக்க. ராத்திரியும் பகலும். இவ்வளவு நீளமா ஒரு அமர்வ நான் பார்த்ததே இல்ல. பாராட்டுக்கு ஒன் பேர அனுப்பலாம்னு இருக்கேன்."

"நான் எங்க சார் இருந்தேன்?"

"கடைசி வரைக்கும். அந்தம்மா மூச்சு நிக்க வரைக்கும்."

மாரி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வடிவக்கா செத்துட்டாவளா?"

ஞானையா மிட்டாயைச் சப்புவதை நிறுத்தினார். "நீ கூடத்தானம்மா இருந்த."

"நான் இல்ல சார். அன்னைக்குச் சாயங்காலமே வந்துட்டேன்."

அவர் மறுபடி திரையைப் பார்த்தார். இந்த முறை நெடுநேரம். "வாசகம் சொன்னியா?"

"துட்டி வீட்டுல எப்படி சார் சொல்ல?"

அவரும் அந்த ஊர்க்காரர்தான். எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். "வாசகம் சொல்லல. அமர்வு முடியல. நீ அங்க இருக்கன்னே பெட்டி நெனச்சிட்டு இருந்திருக்கு. நீ இருந்தா அது ஒண்ணும் செய்யாது. ஒன் அமர்வு முடியாம ஒனக்கு வேற வீடும் ஒதுக்காது, அவங்களுக்கு வேற ஆளும் அனுப்பாது. அவங்க மூச்சு நின்னதும்தான் வாசகம் இல்லாமலே அமர்வு முடிஞ்சு மணி எல்லாம் ஒன் கணக்குல ஏறிருக்கு."

"கதவு தெறந்து மூடினது தெரியாதா சார் அதுக்கு?"

"முன்ன கதவ வச்சுதான் கணக்கு எடுத்தாங்க. பணியாளர் மருந்து வாங்க வெளிய போனா அமர்வு முடிஞ்சிட்டுன்னு காட்டும். சங்கத்துல சண்ட போட்டு மாத்தினாங்க. கைபேசி எங்க இருக்குன்னு பார்க்கக் கூடாதுன்னும் அவங்கதான் வாங்கினாங்க. எல்லாம் நல்லதுக்குத்தான். வீட்டுக்காரங்க சம்மதம் கேட்டுக் கிளம்பணும்ங்கறதும் நல்லதுதான். இத செஞ்சவன் எந்த ஊர்க்காரனோ." அவர் திரும்பினார். "நம்ம ஊர்ப் பிள்ளைக எத்தன பேரு எத்தன துட்டி வீட்டுல..."

அவர் மேசையில் இருந்த மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார்.

"பதிவத் திருத்துங்க சார். நான் இல்லன்னு எழுதுங்க."

"என்னால முடியாது. ஒரு வீட்டுப் பதிவ அந்த வீட்டுப் பணியாளர்தான் திருத்தணும். அதுவும் உரிமம் உள்ளவர். நேத்து வரைக்கும் ஒன்னாலயும் முடியாது. இன்னைக்கு முடியும்." கொஞ்சம் நிறுத்தினார். "திருத்தினா மணி கொறையும். மணி கொறஞ்சா உரிமம் போகும். மாசம் முடிஞ்சிட்டு. மூணு வருசமும் போயிரும். வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டு வாம்மா."

எதையும் மூன்று முறை சரிபார்க்கிற மாரி அன்றைக்கு ஒரே முறை எழுதினாள். 'நான் அங்கே இல்லை. நான் விடைபெறாமல் வந்துவிட்டேன்.' படித்துப் பார்க்காமல் அனுப்பினாள்.

அன்று மாலை உரிமம் திரையிலிருந்து மறைந்தது. மறுநாள் காலை கிடங்கில் முகவரி ஒட்டிக்கொண்டிருந்தபோது திரும்பி வந்திருந்தது. அதே படம், அதே எண். திருத்தம் மட்டும் இல்லை. அவள் மறுபடி எழுதி அனுப்பினாள். மறுபடி போனது. மறுபடி வந்தது.

ஞானையா தொலைபேசியில் ஒரு கணக்கு வாத்தியாரைப்போல் பொறுமையாகச் சொன்னார். "நீ திருத்துன. மணி கொறஞ்சுது. கொறஞ்சதும் உரிமம் ரத்து, குடுத்த தேதியில இருந்தே. அப்போ அந்தத் திருத்தத்த எழுதுனது யாரு? உரிமம் இல்லாத ஆளு. உரிமம் இல்லாதவங்க எழுதின திருத்தம் செல்லாது. அது செல்லலைன்னா பழைய மணி வந்துட்டு. மணி வந்ததும் உரிமமும் வந்துட்டு."

"எத்தன தடவ எழுதினாலுமா?"

"எத்தன தடவ எழுதினாலும். மேல கேட்டுப் பார்த்தேன். அந்தம்மா ஆள் துணையோட போய்ச் சேர்ந்தாங்கன்னு பதிவு இருக்கு, அதுல ஒனக்கு என்னம்மா கஷ்டம்ங்காங்க."

"அப்போ இந்த உரிமம் போகவே போகாதா சார்?"

"ஒண்ணே ஒண்ணுக்குப் போகும். வீட்டுப் பதிவ வெளியாளுக்குக் காட்டினா. சொந்தக்காரங்களா இருந்தாலும் வெளியாள்தான். அதுக்கு விசாரணை கிடையாது, மேல்முறையீடு கிடையாது. வாழ்நாளுக்கும் இந்தப் பக்கமே வர முடியாது." பிறகு, குரல் தாழ்ந்து, "அந்தம்மா மக குவைத்துல இருந்து வந்திருக்கா. கடைசியில கூட இருந்த பிள்ளையப் பார்க்கணும்னு இங்க வந்து நின்னா. ஒன் நம்பரக் குடுத்திருக்கேன். பார்த்துப் பேசு," என்றார்.

பிரம்மசக்தி வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். தாயின் அதே அகன்ற நெற்றி. சலவை மருந்தில் வெளிறிப்போன கைகள். பாத்திரங்களை ஒரு சாக்கில் போட்டு, பாயைச் சுருட்டி, ஒரே ஒரு புடவையையும் ஒரு எவர்சில்வர் செம்பையும் தனியாக எடுத்து வைத்திருந்தாள். சுவரில் பெட்டி இருந்த இடத்தில் திருகாணித் துளைகள்.

"வாங்க. ஒங்கள எப்படிக் கூப்பிடணும்னு தெரியல. என்னய விட சின்னவிய மாதிரி இருக்கிய."

"மாரின்னு கூப்பிடுங்கக்கா."

"அம்மா போன்ல சொல்லுவா. நான் ஒண்ணும் தனியா இல்லட்டி, ஒரு பிள்ள கூட இருக்காளாம், பெட்டிகிட்டக் கேட்டா அப்படித்தான் சொல்லுதுன்னு. நான் சிரிப்பேன். கூட இருக்க ஆள பெட்டிகிட்ட எதுக்கும்மா கேக்க, திரும்பிப் பாருன்னு. புருசன் போன துக்கத்துல பேசுதான்னு விட்டுட்டேன்." அவள் புடவையையும் செம்பையும் நீட்டினாள். "ஆள் இருக்குன்னுதான் லீவ மாசக் கடைசிக்குத் தள்ளி வச்சேன். இல்லன்னா ஓடி வந்திருப்பேன். இத வச்சுக்கிடுங்க. அம்மா ஞாபகமா."

"வேண்டாம்க்கா."

"செத்த வீட்டுச் சாமான்னு பாக்கியளா? அம்மா இத ஒரு தடவதான் கட்டுனா."

"அதுக்கில்ல." பேருந்தில் அவள் இதை எப்படிச் சொல்வதென்று வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். முதலில் இது, பிறகு இது. எல்லாம் போய்விட்டது. "நான் இங்க இல்லக்கா. ஒரு நாள் வந்தேன். ஒரே ஒரு நாள். அப்புறம் வரவே இல்ல. பெட்டிதான் நான் இருக்கேன்னு சொல்லிட்டு இருந்திருக்கு."

பிரம்மசக்தி கையை மடக்கவில்லை. புடவை அவர்களுக்கு நடுவில் இருந்தது.

"பக்கத்து வீட்டு சிலுவமேரி அத்தை கதவத் தட்டுனாளாம். உள்ளயிருந்து பெட்டி, பணியாளர் இருக்காருன்னு சொல்லிச்சாம். பெரிய படிப்புப் படிச்சவிய வேல பாக்காவ, நாம நடுவுல போகப்படாதுன்னு அத்தை போயிட்டாளாம்." அவள் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள், தனக்கே விளக்கிக்கொள்வதுபோல. "அடுப்படியிலதான் கெடந்தா. ஒடனே உயிர் போயிட்டுன்னு நெனச்சேன். நீங்க கூட இருந்திய, தண்ணி குடுத்திருப்பிய, ஏதாவது சொல்லிருப்பா, அதக் கேட்டுட்டுப் போகணும்னுதான் கூப்பிட்டேன்."

மாரி அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ அம்மா என்ன சொன்னான்னு ஆருக்குமே தெரியாதா?"

தெரியும். பெட்டிக்குத் தெரியும். அந்த வீட்டின் குரல் பதிவு முழுவதும் மாரியின் உரிமத்துக்குள் இருந்தது. அதைத் திறக்கும் உரிமை உலகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும். உரிமம் வந்த நாளிலிருந்து அவள் அதைத் தொடத் துணியவில்லை.

அவள் சாக்குக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கைபேசியை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். திரை கேட்டது: அருகில் உரிமம் இல்லாதவர் இருக்கிறாரா? ஆம் என்று தொட்டாள். தொடர்ந்தால் என்ன ஆகும் என்று எச்சரித்தது. அதையும் தொட்டாள்.

முதலில் ஏதோ உருளும் ஓசை. பிறகு மூச்சு. பிறகு வடிவின் குரல், எதிர்பார்த்ததை விடத் தெளிவாக.

"ஏ பெட்டி. கால் மடங்கிட்டு. எந்திரிக்க முடியல. ஆரையாவது கூப்பிடு."

"பணியாளர் அருகில் இருக்கிறார். அவரிடம் சொல்லுங்கள்." பள்ளிக்கூடத்து வாசிப்புப்போல் ஒரு பெண் குரல்.

"ஆரு இருக்கா?"

"பயிற்சிப் பணியாளர் சந்தனமாரி அருகில் இருக்கிறார்."

"அங்கன இருக்காளா? ஏ பிள்ள." சத்தமில்லை. "மாரி. இங்கன வா தாயி. அடுப்படியில கெடக்கேன்."

பதிவு தொடர்ந்தது. பிரம்மசக்தி இரண்டு கைகளாலும் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேட்டாள் வடிவு. பெட்டி அதையே சொன்னது. கணவரைக் கூப்பிட்டாள். பெட்டி அதையே சொன்னது. குரல் தளர்ந்து, நீண்ட இடைவெளிகள் விழுந்தன. மாரி நிறுத்தப் போனாள். பிரம்மசக்தி அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தாள்.

பிறகு, மிகவும் மெதுவாக:

"பயந்துட்டியாட்டி? கூடத்துல நிக்க போல. எனக்குத் தெரியும், நீ பயந்த பிள்ள. அன்னைக்கே ஒன் கை நடுங்குச்சு, பாத்தேன். கெழவி விழுந்து கெடக்காளே, பக்கத்துல போனா என்ன சொல்லுவாளோன்னு நிக்க. ஒண்ணும் சொல்ல மாட்டேன். வரலைன்னாலும் பரவாயில்ல. அங்கனயே இரு. அழாத, என்ன. நான் இருக்கேம்லா."

அதற்கு மேல் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

கீழே யாரோ தண்ணீர் லாரிக்குக் குடங்களை வரிசையாக வைக்கும் சத்தம் வந்தது. பிரம்மசக்தி மாரியின் மணிக்கட்டை விடவில்லை. அழவும் இல்லை. தாயின் குரலுக்குப் பதில் சொல்லப் போகிறவள்போல் உதடுகள் மட்டும் அசைந்தன.

"இன்னொரு தடவ போடுங்க," என்றாள். "நான் இருக்கேம்லான்னு சொல்லுதால்லா. அத மட்டும்."

மாரி திரையைத் தொட்டாள். அவள் படம் இருந்த இடம் வெறும் சாம்பல் நிறமாக இருந்தது. அதன் கீழே ஒரு வரி: உரிமம் இல்லாதவர் பதிவைக் கேட்க இயலாது. எல்லாவற்றையும் மூன்று முறை யோசிக்கிறவளுக்கு இது ஒன்று மட்டும் தோன்றியிருக்கவில்லை. மறுபடி தொட்டாள். அதே வரி. மாரி அணைத்து, திறந்து, தொட்டாள்.

பிரம்மசக்தி தலையைச் சாய்த்துக் காதைக் கைபேசியின் அருகே கொண்டுவந்து காத்திருந்தாள்.

"மெதுவாத் தேடுங்க," என்றாள். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."